அண்ணி சொல்ல மறுத்த ஆறு இலக்கம்

தேவசகாயம் முப்பத்திரண்டு வருஷம் பிரான்சில் குப்பை கொட்டியவர். அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை நீட்டியதும், சிதம்பரத்தில் நாலு செல்போன் கடைக்காரர்களும் சொல்லிவைத்தாற்போல் கையை விரித்தார்கள். வெளிநாட்டுக்காரருக்கு சிம் கொடுக்கத் தங்களால் ஆகாது, கடலூர் மெயின் கடைக்குப் போங்கள் என்றார்கள். பிறந்த ஊரில் வெளிநாட்டுக்காரர் பட்டம். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார்.

பொறுக்க முடியாதது மகள் பிரிசில்லாவை நினைத்துத்தான். லியோன் நகரத்தில் நிறைமாசமாக இருந்தாள். தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறதே என்கிற தைரியத்தில், அண்ணனின் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு இவர் புறப்பட்டு வந்துவிட்டார். கையிலிருந்த பிரெஞ்சு சிம் இங்கே வாயைத் திறக்கவில்லை. தங்கியிருந்த அண்ணி வீட்டில் வைஃபை கிடையாது; அவள் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசவும் முடியாது. அவசரத்துக்கு என்று மகளிடம் அண்ணியின் நம்பரைக் கொடுத்திருந்தார். அந்த ஒரு நூலில்தான் அவருடைய நிம்மதி தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை கடலூர் மஞ்சக்குப்பத்துக் கடையில் இசைவாணி என்ற பெண் முகம் கோணாமல் வேலையை ஆரம்பித்தாள். பாஸ்போர்ட், விசா, இரண்டு போட்டோ எல்லாம் வாங்கினாள். கண்ணைச் சிமிட்டச் சொல்லி இன்னொரு படம் பிடித்தாள். உள்ளூர்ச் சொந்தக்காரர் ஒருவரின் நம்பர் வேண்டும், அதற்கு ஒரு ஓடிபி போகும், அதைக் கேட்டுச் சொன்னால் சிம் ரெடி என்றாள். அவர் அண்ணியின் நம்பரைச் சொன்னார். அதற்குள் கடை வைஃபையில் அவருடைய போன் உயிர்பெற்று, இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய செய்தி ஒன்று வந்து விழுந்தது.

“அப்பா, வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். பயமா இருக்குப்பா.”

கூப்பிட்டார். எடுக்கவில்லை. மருமகன் இளவரசுவும் எடுக்கவில்லை. இசைவாணியின் போனை வாங்கி அண்ணியைக் கூப்பிட்டார்.

“அண்ணி, நான் தேவசகாயம். பிரிசில்லாவ ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க.”

ஆற அமர யோசித்தால், ஊரிலுள்ள மோசடிக்காரன் எல்லாம் பேசுகிற பேச்சு இதுதான். தெரியாத நம்பர், சொந்தக்காரர் குரல், ஆஸ்பத்திரி, அவசரம், கடைசியில் ஓடிபி. ஒன்றுகூடக் குறையவில்லை. போதாததற்கு அண்ணி ஆரோக்கியம்மாள், போன மாசம்தான் மகளிர் குழுக் கூட்டத்தில் பெண் போலீஸ் ஒருவர் போன் மோசடி பற்றிப் பேசியதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள்.

“நல்லா பேசுறியேடா. கொரலுகூட அப்படியே இருக்குது. இப்ப கம்ப்யூட்டர்ல கொரலே செய்றானுங்கன்னு எங்களுக்குத் தெரியும். வைடா போன.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி அவரை ‘டா’ போட்டதில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தாலும் அவள் போனை எடுக்கவுமில்லை.

கடைக்காரர்கள் தங்கள் நம்பரைப் போடக் கூடாதாம். இரண்டு மணிக்குக் கடை மூடிவிடும், திறப்பது திங்கட்கிழமைதான். வைஃபையை நம்பி இங்கேயே உட்கார்ந்தால் இரண்டு மணி வரைக்கும்தான், பிறகு ஞாயிறு முழுக்க மகள் என்ன ஆனாள் என்று தெரியாது. தேவசகாயம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. இன்னும் உயிர் வராத சிம்மையும் இசைவாணியின் நம்பரையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அண்ணியிடம் நேரிலேயே ஓடிபியைக் கேட்டுவிட பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தார்.

சிதம்பரம் பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. புதுச்சத்திரத்தில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். கத்தலாம் என்று வாய்வரை வந்தது; அந்த மனுஷன் என்ன பாவம் செய்தான் என்று அடக்கிக்கொண்டார். வழியெல்லாம் “மாதாவே, என் பொண்ண காப்பாத்து” என்பதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை.

ஒன்றே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது ஆரோக்கியம்மாளின் முகத்தில் ஒரு வெற்றிக் களை. ஒரு பயல் தம்பி மாதிரியே பேசியதையும், தான் விரட்டியடித்ததையும் ஒரு மூச்சில் சொன்னாள்.

“அந்தப் பயல் நான்தான் அண்ணி” என்றார் அவர்.

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் பேச நேரமில்லை. அவளுடைய பட்டன் போனிலிருந்து இசைவாணியைக் கூப்பிட, அவள் மறுபடி ஓடிபி அனுப்பினாள். போன் கீச்சென்றது. ஆரோக்கியம்மாள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தாள்.

“யாருக்கும் சொல்ல மாட்டேன்னு கூட்டத்துல அத்தன பேரு முன்னால கைதூக்கியிருக்கேன் தம்பி. சொல்ல மாட்டேன். காட்டுறேன், நீயே படிச்சுக்க.”

காட்டிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் படித்து இசைவாணியிடம் சொன்னார். கடை மூட மூன்று நிமிஷம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் டவர் வந்துவிடும் என்றாள்.

அந்த ஒரு மணி நேரம்தான் போகவே மாட்டேன் என்றது. அண்ணி சோறு போட்டாள், இறங்கவில்லை. குற்ற உணர்ச்சியில் அவளும் ஏதேதோ பேசினாள். இன்றைக்கு ஒருத்தன் இல்லை, இரண்டு திருடர்கள் என்றாள். தம்பிக்குப் பிறகு பன்னிரண்டு மணி வாக்கில் இன்னொருத்தன், நீள நம்பர், மென்று முழுங்கின தமிழ்.

“அத்தைன்னு வேற கூப்புடுறான். ‘நல்ல சேதி அத்தை’ன்னான். பரிசு விழுந்துருக்குன்னுதான சொல்லப் போறான்? மூணு தடவையும் கட் பண்ணிட்டேன்.”

தேவசகாயத்தின் கை சோற்றிலேயே நின்றது. “என்ன சேதின்னான்?”

“நல்ல சேதின்னான்.”

இளவரசு பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழ் அப்படித்தான் இருக்கும். தேவசகாயம் எச்சில் கையோடு சுவரில் சாய்ந்து அழுதார். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. ஆரோக்கியம்மாளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அவளும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மூன்று மணிக்கு டவர் வந்தது. புது நம்பரை மருமகனுக்கு அனுப்பிய ஒரு நிமிஷத்தில் போன் அடித்தது, அதே நீள நம்பர். அவர் எடுப்பதற்குள் அண்ணி கையை நீட்டினாள்.

“நான் கேக்குறேன் தம்பி. மொதல்ல நான்தான் கேட்டுருக்கணும்.”

கொடுத்தார். அவள் போனைக் காதில் வைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அத்தைதான் பேசுறேன்பா. கட் பண்ண மாட்டேன். சொல்லு, அந்த நல்ல சேதிய.”