மண்ணு குடிச்சுக்கும்

பூட்டுத் தொழிற்சாலை மூடிப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஏழாம் எண் சோதனைக் கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீர் இருமியது. கிணறு என்றால் வாளி விட்டு இறைக்கிற கிணறு அல்ல. கையளவு அகலத்தில் பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய குழாய். அதில் தேங்கிய தண்ணீரை மூன்று மடங்கு இறைத்து டிரம்மில் சேர்த்துவிட்டுத்தான் சாம்பிள் பிடிக்க வேண்டும் என்பது முறை. சாம்பிள்காரி முறை தவறாதவள். மூன்று மடங்கும் இறைத்தாள், பாட்டிலை விளிம்பு வரை நிரப்பினாள், மூடியைத் திருகும்போது உள்ளேயிருந்து இரண்டு இருமல் கேட்டது. உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் சாம்பிள் செல்லாது என்பதால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் இருமல். சிறுவயது முழுக்க அடுத்த அறையிலிருந்து கேட்ட இருமல் அது. அவளுடைய அப்பா இறந்து அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அந்தத் தொழிற்சாலை ஊரில் பாதி வீட்டுக்குச் சோறு போட்டது. பூட்டின் உறுப்புகளில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க, கழுவும் கூடத்தில் சால்வன்ட் என்ற திரவத்தில் முக்கி எடுப்பார்கள். அதற்கு இலேசான இனிப்பு வாடை. சாயங்காலச் சங்கு ஊதியதும் அப்பாக்கள் எல்லோரும் அந்த வாடையோடுதான் வீடு திரும்புவார்கள். பிள்ளைகள் அதை அப்பா வாசனை என்றே நினைத்துக்கொண்டார்கள். நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகுகிறது. கழுவிக் கழுவி அழுக்கான சால்வன்ட்டை எங்கே கொட்டுவது என்று கேட்டால் மேலாளர் முதல் காவலாளி வரை ஒரே பதில்தான்: "மண்ணு குடிச்சுக்கும்." சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. மண்ணும் குடிக்கத்தான் செய்தது. ஆனால் குடித்தவர்கள் ஒருநாள் உளறாமல் இருப்பதில்லை; மண் மட்டும் அதற்கு விதிவிலக்காக முடியுமா?

சரிவுக்குக் கீழே இருந்த தெருவில் முப்பத்துநாலு வீடுகள். அங்கே அடிகுழாய்த் தண்ணீர் இனிக்கத் தொடங்கியபோது எல்லோரும் அதிர்ஷ்டம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். மஞ்சள் பூத்த கண்களோடு நாலு பேர் ஒரே மாதத்தில் டாக்டரிடம் போன பிறகு சோதனைச்சாலைக்கு எழுதினார்கள். எஞ்சினியர் வந்தார், இருபத்திரண்டு இடத்தில் துளை போட்டார், விஷம் பரவிய வழியைக் காகிதத்தில் வரைந்தார். எங்கிருந்து கிளம்பியது என்பதை மட்டும் நாலு வருடமாகியும் கண்டுபிடிக்க முடியவில்லை. வரைபடங்கள் தொலைந்துபோயிருந்தன. பழைய தொழிலாளிகளைக் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

இதற்கிடையில் மற்ற கிணறுகளும் வாய் திறந்தன. மூன்றாம் கிணற்றில் சங்கு ஊதியது. பதினோராம் கிணற்றில் கேண்டீன் தட்டுகள் உரசின. ஆழத்திலிருந்து எடுத்தால் பழைய சத்தம், மேலிருந்து எடுத்தால் புதுசு. சோதனைச்சாலைக்காரர்கள் குறிப்புப் பகுதியில் "ஓசை: உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்து தங்கள் கிணற்றுப் பக்கம் உட்கார்ந்து, வேலிக் கதவு பூட்டும் நேரம் வரை கேட்டார்கள். சாம்பிள்காரியின் அம்மா ஏழாம் கிணற்றுக்கு ஸ்டூல் போட்டுக்கொண்டாள். உள்ளே, கழுவும் கூடத்தில் வேலை பார்த்த அவள் புருஷன் ஸ்பேனரைக் காணோம் என்று கத்தினார், சுதி சேராமல் பாடினார், மாமியார் வீட்டைக் கிண்டல் செய்தார். அம்மா அங்கேயே உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை அந்தக் குரல் யாரிடமோ சொன்னது: "பழைய தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஊத்துடா. எப்பவும் அங்கதானே ஊத்துவேன். மண்ணு குடிச்சுக்கும்."

எஞ்சினியர் நாலு வருடமாகத் தேடிய இடம் அதுதான். சாம்பிள்காரியின் பேனா நின்றுபோனது. அவளும் அம்மாவும் தவிர அப்போது அங்கே யாரும் இல்லை.

"இதை எழுதினா அப்பாதான் கொட்டினாருன்னு ரிப்போர்ட்ல வரும்மா. அப்புறம் இந்தத் தண்ணியை மொத்தமா இறைச்சுச் சுத்தம் பண்ணிருவாங்க. அப்பா பேச்சு இருக்காது."

"எழுதலேன்னா?"

"கீழ்த்தெருவுல இதையேதான் குடிச்சிட்டிருப்பாங்க. லாரித் தண்ணி பாதி நாள் வர்றதில்ல. கடைசி வீட்டுப் பொண்ணுக்கு இது ஏழாம் மாசம்."

அம்மா குனிந்து குழாயின் வாயை உள்ளங்கையால் மூடினாள். பிறகு, "உசுரோட இருந்தப்ப என் பேச்சைக் கேட்டதே இல்ல உங்கப்பா. இப்பவாவது கேக்கட்டும். எழுதுடி," என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகள் எழுதினாள். "கொட்டியவர்: கழுவும் கூடத் தொழிலாளி, இதை எழுதுபவரின் தந்தை" என்று அந்த அறிக்கையில் இன்றும் இருக்கிறது.

தொட்டிக்குப் பின்னால் தோண்டினார்கள்; மண் கறுத்து, இனிப்பு வாடையோடு வந்தது. அதை அள்ளினார்கள். ஆறு வருடம் பம்ப் ஓடியது. இறைத்த தண்ணீரை உருளைகளில் நிரப்பிய கரி வழியாக விட்டார்கள். கரி விஷத்தைப் பிடித்துக்கொண்டது, கூடவே சத்தத்தையும். முதலில் தட்டுகள் ஓய்ந்தன, அடுத்த வருடம் சங்கு. கடைசி வீட்டுப் பெண்ணின் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில் கீழ்த்தெருத் தண்ணீருக்கு எந்த ருசியும் இல்லை, எந்தப் பேச்சும் இல்லை. ஏழாம் கிணற்றின் கரி உருளை மட்டும் மிச்சமிருந்தது. அதைத் தொலைவில் உள்ள உலைக்குக் கொண்டுபோய் எரிக்க வேண்டும்.

லாரி வந்த அன்று அம்மா வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். உருளையை ஏற்றிக் கயிறு கட்டினார்கள். உள்ளேயிருந்து, "எங்கடா கூட்டிட்டுப் போறீங்க?" என்று குரல் கேட்டது. அம்மா உருளையில் உள்ளங்கையை வைத்து, "நானும் வருவேன், நீங்க முன்னாடி போங்க," என்றாள். பிறகு டிரைவர் பக்கம் போனாள்.

"தம்பி, வளைவுல கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க. அவருக்கு வண்டி ஒத்துக்காது. குமட்டும்."

டிரைவர் தலையாட்டினார். நாலு மணி நேரப் பாதை அன்று ஒன்பது மணி நேரம் பிடித்தது. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் அவர், "சுமைக்கு வண்டி ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு இடத்தில் நிறுத்திக் காற்று வாங்க விட்டேன்" என்று எழுதியிருந்தார். உலை வாசலில் இருந்தவர் அதைப் படித்துப் பார்த்து, முத்திரை குத்தி, கதவைத் திறந்துவிட்டார்.