சாட்சிக் கையெழுத்து

கையெழுத்துப் போட்டவள் சொர்ணாம்பாள். தலையெழுத்து மாறியது அம்புஜவல்லிக்கு.

எழுபத்தொன்றாம் வருஷம். விருத்தாசலத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு பி.எஸ்சி. படிக்கப் போன பெண்கள் இந்த இரண்டு பேர்தான். ஒருநாள் இயற்பியல் கூடத்து டார்க் ரூமில், ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி அடைத்த அந்த அறையில், பேராசிரியர் மாயவன் அம்புஜவல்லியின் இடுப்பில் கை வைத்தார். வேலியே பயிரை மேய்ந்தது. டார்ச் பிடித்து அளவு குறித்துக்கொண்டிருந்த சொர்ணாம்பாள் அதைக் கண்ணாரக் கண்டாள்.

அம்புஜவல்லி முதல்வரிடம் நேரே போய்ச் சொன்னாள். அவர் சாட்சி கேட்டார். இருட்டாக இருந்தது, நான் எதையும் பார்க்கவில்லை என்று சொர்ணாம்பாள் எழுதிக் கொடுத்துவிட்டாள். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார் என்ற பயம். படிப்பு நின்றது அம்புஜவல்லிக்கு. பொய்ப் புகார் கொடுத்தவள் என்று டி.சி.யைக் கிழித்துக் கொடுத்தார்கள். அவள் பீங்கான் பட்டறை வேலைக்குப் போனாள். மாயவன் சட்டை கசங்காமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ரயிலில் சொர்ணாம்பாளுக்குப் பேச ஆளில்லை. இருவரும் ஒரே டப்பாவில் தின்ற புளிச்சோறு, கணக்கு வராதபோது அம்புஜவல்லி வைக்கும் குட்டு, எல்லாவற்றுக்கும் மனம் ஏங்கியது. ஏங்குவதற்கு உனக்கு என்னடி யோக்கியதை என்று அந்த மனமே கேட்டது. நாலு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக்கே போய்விட்டாள். அச்சிலிருந்து எடுத்த மண் பொம்மைகளுக்குக் கத்தியால் ஓரம் சுரண்டிக்கொண்டிருந்தாள் அம்புஜவல்லி. சொர்ணாம்பாள் மன்னிப்புக் கேட்டு அழுதாள். அம்புஜவல்லி நிமிரவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

சுரண்டிக்கொண்டே, இப்போது என்ன பாடம் நடக்கிறது என்று அம்புஜவல்லி கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்த ஆசையைச் சொர்ணாம்பாளால் தாங்க முடியவில்லை. ஒளிச்சிதறல் என்றாள்.

"அவருதான் நடத்துறாரா?"

"ஆமா."

"டார்க் ரூமுக்கு யாரு போறா?"

வகுப்பில் வேறு பெண் கிடையாது. சொர்ணாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான். தனியா."

கத்தி நின்றது. நாலு மாதத்தில் முதல்முறையாக அம்புஜவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, மண் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம வண்டிக்கு நானும் வரேன். இந்தத் தடவ நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."