கிழக்குக் காலரி

டிக்கெட் கவுன்ட்டர் பத்து மணிக்குத் திறக்கும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பத்தே கால் ஆகியும் ஷட்டர் ஏறவில்லை. இரவு ஷிப்டு முடித்துவிட்டு ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, ஸ்ரீபெரும்புதூர் கூட்ரோட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து நேரே மண்ணூர் கால்பந்து மைதானத்துக்கு வந்திருந்தான் இசக்கிபாண்டி. வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் தரையில் குந்தியிருந்தார்கள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று அவன் நின்றுகொண்டே இருந்தான்.

அவனுக்கு முன்னால் கிறிஸ்துதாஸ் நின்றார். கொத்தனார். சனிக்கிழமை வேலையை அரை நாள் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார்; சிமென்ட் கறை படிந்த லுங்கி, சட்டைப் பையில் பட்டன் போன். அவருக்கும் முன்னால் டில்லிபாபு, தன் ஷேர் ஆட்டோவைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தான்.

ஷட்டர் ஏறியது. உள்ளே டை கட்டிய ஒரு பெண். அவள் முதலில் ஒரு பலகையை எடுத்து ஜன்னலில் மாட்டினாள். மேற்கு ஸ்டாண்டு ஆயிரத்து இருநூறு. கிழக்குக் காலரி முந்நூற்றைம்பது.

போன சீசன் வரைக்கும் கிழக்குக் காலரி நாற்பது ரூபாய்.

"இன்னாம்மா, ஒரு சைபர் எச்சா பூட்ச்சா?" என்று டில்லிபாபு கேட்டான்.

"ரேட் அதாங்க. கேஷ் எடுக்க மாட்டோம். ஆப்ல புக் பண்ணிட்டு இங்க வந்து பேண்ட் வாங்கிக்கணும்."

"கையில கட்டினு போறதா? ஆஸ்பத்திரில கட்டுவாங்களே, அதுமாரி?"

அந்தப் பெண் அடுத்த ஆளைப் பார்த்தாள். அடுத்த ஆள் கிறிஸ்துதாஸ். அவர் பலகையைக் கொஞ்ச நேரம் படித்தார். கையில் மடித்து வைத்திருந்த நூறு ரூபாய்த் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையைவிட்டு விலகினார்.

அந்தக் காலரி வெறும் ஆறு படிக்கட்டு. ஏரியை ஒட்டிய மைதானத்தில் மண்மேட்டை வெட்டி, பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்களே கட்டியது. மட்டம் பிடித்தது கிறிஸ்துதாஸ். மூன்றாம் படி மட்டும் ஒரு இஞ்சு சரிவு. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். அங்கே உட்காருகிறவர்கள் அவரைத் திட்டுவார்கள், அவரும் சிரித்துக்கொள்வார்.

இசக்கிபாண்டி வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பது வருஷமாகிறது. காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகத் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்ட்டும் அடையாள அட்டையும் மாறும். வந்த முதல் வருஷம், நான்கு பேர் அடைந்து கிடந்த ஓட்டு ரூமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படுத்திருந்தவன், ஊரே சேர்ந்து கத்துவது போன்ற சத்தம் கேட்டு எழுந்து அதன் பின்னாலேயே நடந்து போனான். அன்றைக்கு ஏரிக்கரை டீம் தோற்றுக்கொண்டிருந்தது. அவனுக்கு யாரையும் தெரியாது. கடைசிப் பத்து நிமிஷத்தில் என்னவோ தோன்றி எழுந்து நின்று, "ஏரிக்கரை யாருது?" என்று கத்தினான். ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடிப் பழகிய தொண்டை. படிக்கட்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிறகு, "நம்மளுது" என்றது. அதற்கப்புறம் எட்டு வருஷம் அவன்தான் கத்துவான், முந்நூறு பேர் பதில் சொல்வார்கள். கம்பெனி லைனில் அவன் பெயர் ஸ்டேஷன் பதினான்கு. காலரியில் வள்ளியூரு.

டீக்கடையில் நான்கைந்து பேராகக் கூடினார்கள். இசக்கியின் லைனிலேயே வேலை பார்க்கும் சந்திரலேகாவும் வந்திருந்தாள். அம்பாசமுத்திரம் பக்கம், ஹாஸ்டலிலிருந்து இரண்டு தோழிகளோடு எல்லா ஆட்டத்துக்கும் வருகிறவள்.

"டீமுக்குப் புது ஓனர் வந்ததே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்ணே," என்றாள். "ரெண்டு மணி நேரம் தண்ணி குடிக்காம உக்காந்திருந்து பாத்தாத் தெரியும். பொம்பளையளுக்குன்னு ஒரு கக்கூஸ் கட்டுனா நான் நூறு ரூவாகூடக் குடுப்பேன். அதுக்காவ முந்நூத்தம்பதா?"

"கக்கூஸ் கட்டிக்கீறாங்கமா," என்றான் டில்லிபாபு. "மேக்கால சைடுல. ஆயிரத்து எரநூறு குட்த்தா போலாம்."

டீமின் பேரை மாற்றியதைப் பற்றி ஒருவர் பேசினார். ஏரிக்கரை இனி மெட்ரோ லயன்ஸ். பச்சை ஜெர்சி ஆரஞ்சு ஆகிவிட்டது. ஊர்ப் பையன்களில் கோல்கீப்பர் ஜெபர்சனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். நல்ல பிளேயர் வந்தால் மேல் டிவிஷனுக்குப் போகலாம்தானே என்று இன்னொருவர் சொன்னார். போய் யார் பார்க்கிறது என்று அவர் பக்கத்திலிருந்தவரே கேட்டார்.

கிறிஸ்துதாஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "டீமைக் குடுக்க கையெழுத்து போட்ட ஏழு பேர்ல நானும் ஒர்த்தன்பா. லைட்டு கேட்டாங்க, டாக்டர் கேட்டாங்க, ஆம்புலன்ஸ் கேட்டாங்க லீக்ல. நம்மளால முடியல. காலரி எப்பவும் ஊருக்குத்தான்னு வாங்கினவங்க சொன்னாங்க. வாயாலதான் சொன்னாங்க. எழுத்துல கேக்கணும்னு எனக்குத் தோணல."

"வுடுண்ணா," என்றான் டில்லிபாபு.

"நாம உள்ள போவாண்டாம்," என்றான் இசக்கி. அவனே எதிர்பாராமல் வந்த சொல். "ஏரிக்கரை மேல நின்னாத் தெரியும்லா. அங்கன நின்னு பாப்போம்."

அப்படியே செய்தார்கள். முதல் ஆட்டத்தன்று கரைமேல் நானூறு பேர் இருந்தார்கள். காலரியில் அறுபது பேர்கூட இல்லை. நேரலையில் வெறும் படிக்கட்டுதான் தெரிந்தது என்று போனில் பார்த்தவர்கள் சொன்னார்கள். இசக்கி கத்துவதை யாரோ வீடியோ எடுத்துப் போட, அது கம்பெனி கேன்டீன் வரைக்கும் சுற்றியது. இரண்டாம் ஆட்டத்துக்கு ஏரிப் பக்கச் சுவரின்மேல் இருபதடி உயரத்துக்குத் தகரம் அடித்துவிட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. அப்போதும் யாரும் கலைந்து போகவில்லை. உள்ளே விசில் கேட்டால் ஃபவுலா ஆஃப்சைடா என்று இவர்கள் தகரத்தைப் பார்த்தபடி சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை பகல் ஷிப்டில், லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மணிகண்டபிரபு வந்தான். ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். இசக்கியைவிட ஆறேழு வயது சின்னவன். கையில் பெயர்ப் பட்டியல், பின்னால் ஒருவர் தூக்கி வந்த அட்டைப் பெட்டி. பெட்டியிலிருந்து ஆரஞ்சு டீ-ஷர்ட் ஒன்றை எடுத்து ஸ்டேஷன் பதினான்கின் பலகைமேல், வயர்களுக்கு நடுவில் வைத்தான். நெஞ்சில் சிங்கத் தலை. அதே சிங்கத் தலை மணிகண்டபிரபுவின் கழுத்தில் தொங்கிய புது அட்டையிலும் இருந்தது.

"ஞாயித்துக்கெழம மேட்ச். நம்ம குரூப்தான் டீமை எடுத்துக்கீது, தெரியும்ல? எல்லாருக்கும் ஃப்ரீ. பிரியாணி பொட்டலம் உண்டு."

"வார லீவு சார் அன்னைக்கு."

"லீவுதான். ஆனா அட்டெண்டன்ஸ் உண்டு. வரலன்னா ரெண்டு நாள் சம்பளம் கட்."

இசக்கியின் கை நிற்கவில்லை. சிவப்பு வயர், நீல வயர், கிளிப், டேப். "நான் வெளிய நிக்குத ஆளு சார்," என்றான்.

"தெரியும். அதான் லிஸ்ட்ல உன் பேரு மொதல்ல கீது." மணிகண்டபிரபு குரலைத் தாழ்த்தினான். "வீடியோவ மேல பாத்துட்டாங்க. அந்தக் குரல் உள்ள வேணும்னு சொல்லிக்கிறாங்க. உன் கான்ட்ராக்ட் இந்த மாசம் முடியுது. அத நான் சொல்லி நீ கேக்கணுமா? எனக்கும் மேலேர்ந்துதான் வருது இசக்கி."

லைன் நகர்ந்தது. டீ-ஷர்ட்டை நகர்த்தினால்தான் அடுத்த கட்டுக்கு இடம் கிடைக்கும். அவன் அதை எடுத்துக் காலடியில் வைத்தான். எதிர் ஸ்டேஷனில் சந்திரலேகா தன்னுடையதைப் பிரித்து, அளவு பார்க்காமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் டில்லிபாபுவின் ஆட்டோவில் இசக்கி ஏறி வந்தான். மறுநாள் உள்ளே உட்காரப் போவதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏறியவன், சில்லறை கொடுத்து இறங்கும்வரை சொல்லவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு எட்டு கம்பெனி பஸ்கள் மைதானத்து வாசலில் நின்றன. கேட்டில் பெயரைச் சொல்லச் சொல்லி டிக் அடித்து உள்ளே விட்டார்கள். படிக்கட்டுகளுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள், தெற்கத்திக்காரர்கள், ஹாஸ்டல் பெண்கள் என்று ஐந்நூறு பேர் ஒரே நிறத்தில் உட்கார்ந்தார்கள். நிறையப் பேர் உட்கார்ந்ததும் தூங்கிப்போனார்கள். கேமரா எதிரே இருந்ததால் நடுவில் காலி இடம் விழாமல் மணிகண்டபிரபு நெருக்கி உட்கார வைத்தான். இசக்கிக்கு மூன்றாம் படியில் இடம் கிடைத்தது. சந்திரலேகா பக்கத்தில் இருந்தாள்.

"கக்கூஸுக்குப் போலாமான்னு கேட்டேன்ணே," என்றாள். "பாதியில எழும்பக் கூடாதாம்."

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஐந்து நிமிஷம் கழித்துத் தகரத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஏரிக்கரை யாருது?"

டில்லிபாபுவின் குரல். அவனுக்குக் கத்த வராது. இரண்டாவது சொல்லிலேயே தொண்டை கிழிந்தது. பதில் மட்டும் கனமாக வந்தது. "நம்மளுது." தூங்கிக்கொண்டிருந்த சிலர் விழித்துக்கொண்டு தகரத்தைப் பார்த்தார்கள். கோல் அருகே நின்ற ஜெபர்சனும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

மணிகண்டபிரபுவின் போன் அடித்தது. அவன் இரண்டு தடவை "சரிங்க சார்" என்றுவிட்டு, குனிந்தபடி படிகளுக்கு நடுவே வந்து இசக்கியின் மடியில் ஒரு மெகாபோனை வைத்தான்.

"வெளிய கத்துறது லைவ்ல கேக்குதாம். ஆரம்பி. நீ மெட்ரோன்னு சொல்லு, இவங்க லயன்ஸ்னு சொல்வாங்க. அவ்ளோதான்."

இசக்கி எழுந்தான். உள்ளுக்குள் கோபம் வரும் என்று காலையிலிருந்து எதிர்பார்த்திருந்தான். அழுகையாவது வரும் என்று நினைத்தான். ஒன்றும் வரவில்லை. பிரியாணிப் பொட்டலத்தின் வாசனைதான் வந்தது. மெகாபோனைத் தூக்கி, "மெட்ரோ" என்றான்.

"லயன்ஸ்," என்றது படிக்கட்டு, ஷிப்டில் பெயர் கூப்பிட்டால் சொல்கிற மாதிரி.

"மெட்ரோ."

"லயன்ஸ்."

"ஏரிக்கரை யாருது" என்று வெளியே டில்லிபாபு தொடங்கினான். அடுத்த "மெட்ரோ"வுக்கு அது பாதியில் நின்றது. மூச்சு வாங்குகிறான் என்று இசக்கி நினைத்தான். இன்னும் இரண்டு முறை கத்திவிட்டு மெகாபோனைக் கொஞ்சம் தாழ்த்திக் காது கொடுத்தான். தகரத்துக்கு அந்தப் பக்கம் காற்றுச் சத்தம்கூட இல்லை.

"ஏன் நிறுத்திட்ட?" என்றான் மணிகண்டபிரபு. "நல்லாருக்கு, போ."

அவன் போனான். ஆட்டம் முடியும்வரை போனான். ஒரு கோல் விழுந்தது, கை தட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். யார் போட்டது என்று பக்கத்தில் ஒருவன் இந்தியில் கேட்டான். இசக்கிக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் யாரையும் நேரே விடவில்லை. பாதியில் ஓடிப்போகக் கூடாதென்று வெளியே போகிற கேட்டில்தான் அட்டெண்டன்ஸ் மெஷின் வைத்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் மேசை, அதன்மேல் விரல் வைக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி. கம்பிக் கேட்டுக்கு வெளியே ரோட்டில், இவ்வளவு நேரம் ஏரிக்கரைமேல் நின்றிருந்தவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டில்லிபாபு ஆட்டோவைக் கிளப்பினான். அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

இசக்கி விரலை வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு விரலை வைத்தான். சிவப்பு. ஒன்பது வருஷம் பித்தளை முனைகளை அழுத்தி அழுத்தி விரல் நுனிகள் பாட்டில் மூடிபோல் வழவழப்பாகியிருந்தன. பேண்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். சிவப்பு.

"எடுக்கலன்னா ஆப்சென்ட்தாங்க," என்றான் மேசைக்குப் பின்னால் இருந்தவன். "நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"ரெண்டு மணி நேரம் கத்துனது நான்தான்."

"மெஷின் எடுக்கணும்ங்க."

கம்பிக்கு வெளியே யாரோ நின்றார்கள். கிறிஸ்துதாஸ். ஆரஞ்சு டீ-ஷர்ட்டையும் பார்த்தார், இசக்கியின் கையையும் பார்த்தார்.

"எடுக்கலியா?"

"இல்ல அண்ணாச்சி."

அவர் தன் வலது கையை விரித்துக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். சுண்ணாம்பும் சிமென்ட்டும் தின்ற விரல். "ரேஷன் கடைல எனக்கும் இப்டித்தான்பா பண்ணும்," என்றார். "நெத்தில நல்லா தேச்சிட்டு வையி. நெத்தி எண்ணெ பட்டா எடுத்துக்கும்."

சொல்லிவிட்டு அவர் ரோட்டில் இறங்கி நடந்தார்.

இசக்கி கட்டைவிரலை நெற்றியில் அழுத்தித் தேய்த்தான். பெட்டியில் வைத்தான். பச்சை எரிந்தது. "தேங்க் யூ," என்றது ஒரு பெண் குரல்.

அவனுக்குப் பின்னால் சந்திரலேகா விரலை நெற்றியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாஷை புரியாத ஒரிசாக்காரன் அவளைப் பார்த்துத் தேய்த்தான். படிக்கட்டு வரைக்கும் நீண்டிருந்த அந்த ஆரஞ்சு வரிசையில், ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி நெற்றியில் தேய்த்துக்கொண்டு ஓரடி முன்னால் நகர்ந்தார்கள்.