கடல் பக்கத்து இருக்கை

கண்ணுகளா, எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் மலை கிடையாது. ஏறுவதற்கென்று இருப்பது கடலைத் தடுக்கும் அணைக்கரை ஒன்றுதான். அதன் மேலும் ஆடுகள்தான் மேயும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து என் பக்கத்து வீட்டு யெல்லேயும் அவர் மனைவி வீட்ஸ்கேயும் கோர்சிகா தீவைக் காரில் சுற்றி வரத் திட்டம் போட்டார்கள்.

யெல்லேவுக்கு அது பல வருஷத்து ஆசை. குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று. வீட்ஸ்கேக்கு உயரம் ஆகாது. ஏணியில் இரண்டு படி ஏறினாலே முகம் வெளுத்துவிடும். அந்தத் தீவின் மேற்குக்கரைச் சாலையோ செங்குத்துப் பாறையில் தொற்றிக்கொண்டு போகிறது.

குளிர்காலம் முழுவதும் யெல்லே சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து யோசித்தார். இங்கெல்லாம் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்காருவார். தீவைக் கடிகாரத் திசையில் சுற்றினால் வலது ஜன்னலை ஒட்டி மலைச்சுவர் வரும். எதிர்த்திசையில் சுற்றினால் பள்ளமும் கடலும் வரும். வலது இருக்கை வீட்ஸ்கேயுடையது. அதனால் யெல்லே கடிகாரத் திசைக்கே அம்புக்குறி போட்டார். கடலை நீங்கள் எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டேன். ஓட்டுகிறவனுக்குச் சாலை தெரிந்தால் போதாதா என்று சிரித்தார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடிப்போயிற்று.

அவர் பிறந்தநாள் வந்தது. வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி, ஆளுக்கு ஒரு துண்டு கேக்கோடு உட்கார்ந்தோம்; இரண்டாவது துண்டு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. வரைபடம் வட்டத்தில் கைமாறிக்கொண்டே வந்தது. ஆளாளுக்கு ஒரு யோசனை. வீட்ஸ்கேயின் தம்பி ரைண்டர் அந்தத் தீவுக்கு ஏற்கெனவே போய் வந்தவர், சும்மா இருப்பாரா?

"அத்தான், அவ்ளோ தூரம் போயி அக்காவுக்குப் பாறையையா காட்டப் போறீங்க? சுவரு பாக்கணும்னா இந்த வீட்டுலயே நாலு இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். யெல்லே காது வரை சிவந்து வரைபடத்தை வாங்கி மடிக்கத் தொடங்கினார். இந்த வருஷமும் டெக்ஸல் தீவுக்கே போய்விடலாம், அங்கே எல்லாம் தட்டையாக இருக்கும் என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வீட்ஸ்கே காப்பிக் குடுவையைக் கீழே வைத்தாள்.

"மடிக்காத, யெல்லே. எதிர்ப்பக்கமாவே சுத்தலாம். நான் ஓட்டறேன்."

கடைக்குப் போவதைத் தவிர அவள் வண்டி எடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

"ஏணியிலயே ஏற மாட்ட, மலையில ஓட்டப் போறியாக்கா?" என்றார் ரைண்டர்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பாட்டுக் குழுவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வாரா வாரம் அவள் போனது சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்துக்கு. எங்கள் ஊரில் வளைந்து வளைந்து மேலே போகும் சாலை அது ஒன்றுதான். முதல் தடவை பாதி வளைவில் வண்டியை நிறுத்தி அழுதிருக்கிறாள். பிறகு ஒவ்வொரு மாடியாகப் பழகி, மொட்டை மாடி ஓரம் வரை போய்விட்டாள். காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லையாம். கீழேயே நிறைய இடம் இருக்கிறதே அம்மா என்று ஒவ்வொரு முறையும் கை காட்டுவாராம்.

"ஸ்டீரிங் கையில இருந்தா பயம் அடங்கிடுது. பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாதான் உயிர் போகுது," என்றாள்.

கண்ணுகளா, எத்தனையோ துணிச்சல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கார் நிறுத்தத்தில் மலை ஏறியவளை அன்றுதான் பார்த்தேன்.

யெல்லே வரைபடத்தை மெல்ல மறுபடி விரித்தார். "அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"ஜன்னலோரமா உக்காந்து கடலைப் பாரு. எனக்கும் சேத்துப் பாத்து, என்ன தெரியுதுன்னு சொல்லிட்டே வா. எவ்ளோ ஆழம்னு மட்டும் சொல்லாத."

அவர் அம்புக்குறியை அழித்து எதிர்ப்பக்கம் திருப்பி வரைந்தார். பிறகு எழுந்து போய்க் கேக் தட்டைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் இரண்டாவது துண்டு வைத்தார். அந்த வீட்டில் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.