கொய்யாவுக்குக் கவுன்

பழத்தோட்டம் வைத்திருப்பவன் புழுவைப் பார்த்து முகம் சுளித்தால், மீன் விற்பவன் கவிச்சிக்கு மூக்கைப் பொத்திய கதைதான். ஆனால் அன்று காலை புழுக்கள் தலையில் விழுந்து, நெற்றியில் வழிந்து, சட்டைக் காலருக்குள் புகுந்து, முதுகில் நெளிந்தபோது, கொய்யாக்காரருக்குத் தன் தோட்டத்தின் மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது.

அதுவும் யார் முன்னால்? பழம் எடுக்க வந்த வியாபாரி முன்னால். புது முறையில் விளைந்த சரக்கு என்று பெருமையடித்துக்கொண்டே, தலைக்கு மேலிருந்த பழத்தில் கட்டியிருந்த வெள்ளை உறையை அவிழ்த்தார். புளித்த வாடையோடு அழுகல் கூழ்தான் கொட்டியது. இன்னொரு உறையில் பழம் முழுசாக இருந்தது. வியாபாரி பிட்டுப் பார்த்தார். உள்ளே புழு குடும்பம் குட்டியோடு குடியிருந்தது.

வியாபாரி கைக்குட்டையில் கையைத் துடைத்தார். பிறகு கைக்குட்டையையே வேலியோரம் வீசிவிட்டார்.

"அண்ணே, அடுத்த காய்ப்பும் இப்படின்னா என்னை இந்தப் பக்கம் கூப்பிடாதீங்க."

உறை கட்டும் வித்தையை ஊருக்குக் கொண்டுவந்தது கொய்யாக்காரரின் மச்சினன். மனைவியின் தம்பி, வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரன். பழ ஈ காயைக் குத்தி முட்டையிடும், உறை போட்டால் அண்டாது என்று தோட்டக்கலைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கொய்யாக்காரரும் அந்தப் பயிற்சிக்குப் போனவர்தான். சாப்பாடு நன்றாக இருந்தது என்பது வரை அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

மச்சினன் உறை கட்டத் தொடங்கியதும் கொய்யாக்காரர் டீக்கடையில் வைத்து, "எங்க மாப்பிள்ளை கொய்யாவுக்குக் கவுன் போட்டுப் பாக்குறாரு, அடுத்து பவுடர் பூசுவாரு" என்று எடுத்துவிட்டார். கடையே சிரித்தது. அவரைப் போலவே கொய்யா போட்டிருந்த கீழ்த்தோட்டக்காரருக்குக் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. மச்சினன் மட்டும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனான்.

பிறகு அவன் தோட்டத்தில் பழம் ஒரு புள்ளி இல்லாமல் பளபளவென்று இறங்கியது. கேட்டால் மானம் போகும், கேட்காவிட்டால் பழம் போகும். ஆகவே நம்மவர் வேலி ஓட்டையில் கண்ணை வைத்தார். பெரிய பெரிய பழங்கள், ஒவ்வொன்றின் மேலும் உறை. ஓட்டைக்குள் தெரிந்தது அவ்வளவுதான். அவர் படித்த பாடமும் அவ்வளவுதான். காய் பெருத்து மஞ்சள் தட்டும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பிறகு பார்த்துப் பார்த்துக் கட்டினார்.

புழு விழுந்த அன்று குளித்ததில் சோப்பு தேய்ந்ததே தவிர வாடை போகவில்லை. தட்டில் சோற்றைப் பார்த்தார். பருக்கை நெளிந்தது போலிருந்தது. தட்டைத் தள்ளிவிட்டார்.

மரத்தில் அடுத்த காய்ப்பு பிஞ்சு விட்டிருந்தது. அதுவும் போனால் வியாபாரியும் போனார். தம்பியிடம் போய்க் கேளுங்கள் என்றாள் மனைவி. அவர் காதைக் குடைந்தார். அதற்குள்ளும் ஏதோ ஊர்வது போலவே இருந்தது.

"புழு மேல விழுந்ததையே தாங்கிட்டீங்க," என்றாள். "என் தம்பி சிரிக்கிறதைத் தாங்க மாட்டீங்களா?"

மச்சினன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"நீங்க கட்டினப்பவே பாத்தேன், மாமா. ஈ முன்னாடியே குத்திட்டுப் போயிருச்சு. புழுவை உள்ள வச்சு வாசலைச் சாத்திட்டீங்க."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"கவுன் போடுறவன் பேச்சை யாரு கேப்பா?"

கொய்யாக்காரருக்கு முதுகு மறுபடி நெளிந்தது. இந்தத் தடவை அங்கே புழு இல்லை. ஒரு தோட்டம் அழுகுவதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறான். அவனைத் திட்ட வாயெடுத்தார். டீக்கடைச் சிரிப்பு நினைவுக்கு வந்து வாயை அடைத்தது.

மச்சினன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "உங்க புழுவெல்லாம் ஈயாகி முதல்ல என் தோட்டத்துக்குத்தான் வரும். அது அப்ப எனக்கு உறைக்கல. வீம்புல நானும் லேசுப்பட்டவன் இல்ல, மாமா."

பிறகு இருவரும் சாக்கை எடுத்துக்கொண்டு மரத்தடியில் குனிந்தார்கள். உதிர்ந்ததை விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி ஈயாக எழும். எல்லாவற்றையும் பொறுக்கி, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி, வெயிலில் வேகவிட வேண்டும். கையில் எடுத்தால் பழம் விரலிடுக்கில் பிதுங்கியது. மாமன் ஒரு மரத்தடியில் ஓங்கரித்தார், மச்சினன் இன்னொரு மரத்தடியில். உறவு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

பிஞ்சுகள் எலுமிச்சை அளவு வந்ததும், மச்சினன் காட்டித்தர, கொய்யாக்காரர் உறை கட்டத் தொடங்கினார். ரோட்டுப் பக்கம் கீழ்த்தோட்டக்காரர் வந்து நின்றார்.

"என்னப்பா, உன் வீட்டுக் கொய்யாவும் கவுனுக்கு மாறிருச்சா?"

டீக்கடையில் பெற்றுவிட்ட பிள்ளை தன்னையே உதைத்தது போலிருந்தது. அந்த மனுஷன் நாளைக்கே எந்த ஓட்டையில் கண்ணை வைப்பார் என்பதும், அதில் எவ்வளவு தெரியும் என்பதும் கொய்யாக்காரரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அந்த வாடை மூக்கில் ஏறியது.

"சிரிச்சு முடிச்சிட்டு உள்ள வா," என்றார். "பிஞ்சுலயே கட்டணும். வந்து கிட்ட பாரு."

கீழ்த்தோட்டக்காரர் உள்ளே வந்தார். வெயிலில் கிடந்த சாக்கைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டார்.