ஐந்தேகால் அடி

சவுரியம்மாள் அத்தை வெனிலாவின் வலது முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, உடம்பின் எடையையெல்லாம் போட்டு அமுக்கினாள். முட்டி அசையவில்லை.

"வெந்நீர்த் துணி இன்னொண்ணு குடு லூர்து. வெறைச்சிக்கினு போவுது. ஜல்தி."

லூர்து மேரி துணியைப் பிழிந்து நீட்டினாள். விடியற்காலையில் மகளின் மூச்சு நின்றதிலிருந்து அவள் அழவில்லை, வேலைதான் செய்துகொண்டிருந்தாள். தலையிலிருந்து இடுப்புக்கு ஒரு நூல், இடுப்பிலிருந்து முட்டிக்கு ஒன்று, முட்டியிலிருந்து குதிகாலுக்கு ஒன்று. மூன்றையும் முடிச்சுப் போட்டுத் திண்டிவனத்துக்குக் கொடுத்தனுப்பினாள். அந்த அளவுக்குச் செய்த பெட்டியோடு தச்சர் சின்னக்கண்ணு வாசலில் வந்து நின்றார். ஐந்தேகால் அடி நீளம். ஒடுக்கமான பெட்டி.

அக்கா தன்னைவிட உயரம் என்று மெர்லினுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வயதில் போலியோவில் மடங்கிய கால்கள். முப்பத்தொரு வயதுவரை யாரும் அவளை அளந்து பார்த்ததில்லை.

அத்தை மறுபடி அமுக்கினாள். உள்ளே ஏதோ நெரிந்தது.

"கைய எடுங்க அத்தே."

"நீ வாசல்ல போய் நில்லு. ஆண்டவர்கிட்ட போற பொண்ணு, நேராப் போவட்டும்."

"வளைஞ்சிருந்தா சேத்துக்க மாட்டாரா? மோட்சம் என்ன, நம்ம ஊரு பள்ளிக்கூடமா? படி ஏற முடியாதவள எட்டாங்கிளாஸோட வூட்டுக்கு அனுப்பறதுக்கு?"

"பாத்தியா லூர்து, விழுப்புரம் போயி பி.காம் படிச்ச வாயி."

"அம்மா, நீ சொல்லு. விடச் சொல்லு."

லூர்து மேரி பெரிய மகளின் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவ நேராப் பாத்துக்கறேன்டி. அப்பறம் மூடிடுவாங்க."

மெர்லின் தலைப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

அக்காவின் போன் தலைமாட்டில் கிடந்தது. ஃபேஸ்புக்கில் 'உக்காந்த இடத்திலிருந்து' என்று ஒரு பக்கம் வைத்திருந்தாள் வெனிலா. அடையாள அட்டைக்கு என்னென்ன காகிதம், பிளாஸ்டிக் நாற்காலியை வெட்டிக் கக்கூஸ் நாற்காலியாக்குவது எப்படி, படுக்கைப் புண் வராமலிருக்க எத்தனை மணிக்கு ஒருதரம் புரள வேண்டும். செஞ்சி, வல்லம் என்று எங்கெங்கிருந்தோ கேட்பார்கள். ஒருவரையும் விடாமல் பதில் போடுவாள். வீட்டில் அதற்குப் பெயர் போனை நோண்டுவது. ஒரு பதிவைப் பற்றி மட்டும் மெர்லினிடம் சொல்லியிருந்தாள்: "இத அம்மாவுக்குப் படிச்சிக் காட்டாத. எம்மேல சத்தியம் பண்ணு." லூர்து மேரிக்குப் படிக்கத் தெரியாது. மெர்லின் சத்தியம் பண்ணியிருந்தாள்.

இப்போது போனை எடுத்து அதைத் தேடினாள். அம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"மடங்கிய முட்டியை வீட்டிலேயே அமுக்கி நீட்டாதீர்கள். எலும்பு உடைந்துவிடும். எனக்கு ஒன்பது வயதுவரை தினமும் காலையில் அம்மா எண்ணெய் தேய்த்து அமுக்குவாங்க. நான் கத்த மாட்டேன். கத்தினால் அடுப்படியில் போய் அழுவாங்க. அதுக்கு இந்த வலியே மேல். உங்கள் பிள்ளை கத்தவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். பிசியோதெரபி தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். போன் நம்பர் கீழே இருக்கிறது."

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. அத்தை கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

லூர்து மேரி துணியை வாளியில் போட்டாள். எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, பெட்டிய அகலமாக்க முடியுமா? ஒருக்களிச்சிப் படுக்கற மாதிரி."

"பக்கப் பலகையக் கழட்டணும்மா. நேரமாவும். நாலு மணிக்கு ஃபாதர் வந்துடுவாரே?"

"வந்தா உக்காரட்டும்."

திரும்பி வந்து சின்ன மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று மெர்லின் எதிர்பார்த்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

"இன்னும் என்னா எழுதியிருக்கா?"

"நெறைய இருக்கும்மா. நானூறு கிட்ட."

"படி."

மெர்லின் முதல் பதிவுக்குப் போனாள். அது பஸ் ஏறுவதைப் பற்றி. உட்கார்ந்தபடியே படியில் பின்பக்கமாக ஏறுவது, பாவாடை தடுக்காமல் எங்கே செருகிக்கொள்வது, யாராவது தூக்க வந்தால் எங்கே பிடிக்கச் சொல்வது. வெளியே சின்னக்கண்ணு ஆணி பிடுங்கினார்.

லூர்து மேரி மெர்லினின் தோளோடு தோள் உரச நெருங்கி, போனுக்குள் குனிந்தாள்.

"மெதுவாப் படிடி," என்றாள்.