முத்தத்துக்கு எண் இல்லை

மருத்துவமனையின் கோடிங் அறையில் அவளுக்குச் சந்தேகராணி என்று பெயர். ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைக் கோப்பில் போடுவதுதான் வேலை. எதையும் மூன்று தடவை படிப்பாள். அப்படியும் தகுதிகாண் காலத்தில் இரண்டு தவறு ஆகிவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை காலி. இன்று கடைசி நாள். நான்கு மணிக்கு அறையின் மேலாளர் மேடம் சரிபார்க்க உட்காருவார்.

மூன்றேமுக்காலுக்குக் கடைசிக் கோப்பை அனுப்பினாள். நோயாளி ஒரு பேருந்து ஓட்டுநர். எலிக்கடிக் காய்ச்சல், அபூர்வமான பாக்டீரியாத் தொற்று. A25.1 என்று போட்டிருந்தாள். எப்படி வந்தது என்பதற்கும் ஓர் எண் உண்டே! W53.11, எலி கடித்தது. சந்தோஷத்தில் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள்.

பாதிச் சுற்றில் காலை ஊன்றி நாற்காலியை நிறுத்தினாள். கடித்ததாகக் கோப்பில் எங்கே இருந்தது? எங்குமே இல்லை. நோயின் பெயரைப் பார்த்து அவளாகவே எலியைக் கடிக்க வைத்துவிட்டாள்!

லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடி ஏறி ஓடினாள். ஓட்டுநரின் கட்டிலருகே டாக்டர் நின்றிருந்தார்.

"டாக்டர், எலி எங்க கடிச்சுது?"

"உங்களையா?"

"ஐயோ, இவரை!"

மலை மாதிரி படுத்திருந்த ஓட்டுநர் போர்வையை மீசைவரை இழுத்துக்கொண்டார். "அது கடிக்கலம்மா. எங்க பாப்பா வளர்க்கிற வெள்ளை எலி. தூங்கறதுக்கு முன்னாடி அவ ஒரு முத்தம் குடுப்பா, அப்புறம் நான் குடுக்கணும். இல்லேன்னா ரெண்டும் கோவிச்சுக்கும்."

"வாயிலயா?" என்றார் டாக்டர்.

"மூக்குலதாங்க... முக்கால்வாசி நாள்."

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல? பாப்பாவை உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க, பரிசோதிக்கணும்." டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு கோப்பில் எழுதினார்: கடி இல்லை, வளர்ப்பு எலியுடன் நெருங்கிய தொடர்பு.

அவள் கீழே வந்தபோது மணி நான்கு. மேடத்தின் திரையில் அதே கோப்பு!

"மேடம், அதுல தப்பு இருக்கு. மூணாவது. எலி கடிக்கல, டிரைவர்தான் அதுக்கு முத்தம் குடுத்திருக்கார்."

மேடம் மேசையைத் தடவினார். "நான் கண்டுபிடிச்சாதாம்மா அது தப்பு. நான் இன்னும் கண்ணாடியே போடல. சீக்கிரம் மாத்து."

அவள் மாற்றினாள். W53.19, எலியோடு வேறுவகைத் தொடர்பு.

மேடம் கண்ணாடியை மாட்டிப் படித்தார். தோள் குலுங்கியது. "முத்தத்துக்குத் தனி எண் இல்லையா?"

"இல்ல மேடம். எதுக்கும் இன்னொரு தடவை பார்க்கட்டுமா?"

"நாளைக்கு வேலைக்கு வருவேல்ல, அப்போ பாரு."